பொதுச்சுவரை வெட்டும் முன் என்னிடம் எழுத்தில் சொல்ல வேண்டாமா?

வணக்கம். சிங்கப்பூரில் சிராங்கூன் பக்கம் வரிசைத் தரைவீடு, எங்களுடையது நடுவீடு. இடப்பக்கத்து வீட்டில் மார்ச்சிலிருந்து கூடுதல் மாடி எழுப்புகிறார்கள். இரும்பு உத்தரத்தைப் பதிக்க இரண்டு வீட்டுக்கும் பொதுவான சுவரை வெட்டியிருக்கிறார்கள். எனக்குக் கடிதமும் இல்லை, வாய்வார்த்தையும் இல்லை.

மறுவாரமே மாடிப்படி ஓரச் சுவரில் சாய்வாக ஒரு விரிசல். இப்போது அது கூரை வரை ஏறிவிட்டது. மேல்முனையில் ஈஸி-லிங்க் பயண அட்டை தாராளமாக நுழைகிறது. மழை பெய்தால் அதே இடத்தில் சுண்ணாம்பு உப்பிப் பொடியாக உதிர்கிறது.

பக்கத்து வீட்டு அண்ணனிடம் பேசினேன், கட்டட வேலையை எடுத்துச் செய்யும் குத்தகையாளரைக் கேளுங்கள் என்றார். குத்தகையாளரோ "பூச்சு வெடிப்புதான், கடைசியில் பூசித் தருகிறோம்" என்கிறார். பூசினால் விரிசல் மறையும், சரி, காரணம் மறையுமா? தேதியோடு படம் எடுத்து வைத்திருக்கிறேன். பதிவுத் தபாலில் கடிதமும் போட்டேன், பதில் இல்லை. வேலை தொடங்கும் முன் எங்கள் வீட்டின் நிலையை யாரும் வந்து பதிவு செய்யவில்லை.

இணையத்தில் தேடினால் இங்கிலாந்துச் சட்டம்தான் முன்னால் வருகிறது: 1996ஆம் ஆண்டுச் சட்டப்படி, இருக்கிற பொதுச்சுவரில் வேலை செய்ய 2 மாதம் முன்பே எழுத்தில் அறிவிக்க வேண்டுமாம். அது நமக்கு உதவாது.

தரைவீட்டில் இதே சிக்கலைச் சந்தித்தவர்கள் சொல்லுங்கள்: வேலையை நிறுத்தி வைக்க, முதலில் கட்டட, கட்டுமான ஆணையத்திடம் போக வேண்டுமா, சொந்தமாகப் பொறியாளரை வைத்து அறிக்கை வாங்க வேண்டுமா?