லாராவெல்: சுருக்கப் பெயர் கொடுத்த பிறகு பழைய கமென்ட்டுகளைக் காணோம்

கேள்வி:
லாராவெல் (பிஹெச்பி ஃபிரேம்வொர்க்) 7-இல் இருந்த செயலியை 8-க்கு ஏற்றினேன். அப்படியே மாடல்களை (டேபிள்களைக் கையாளும் கிளாஸ்களை) ஆப் ஃபோல்டரிலிருந்து ஆப்\மாடல்ஸ் உள்ளே நகர்த்தினேன். கமென்ட் பட்டியலைத் திறந்தால் 'ஆப்\போஸ்ட்' என்ற கிளாஸே இல்லை என்று எர்ரர். டேபிளைப் பார்த்தால், கமென்ட் எந்த மாடலுக்குரியது என்று சொல்லும் கமென்டபிள்_டைப் ஃபீல்டில் பழைய முழுப் பெயர்தான் இருக்கிறது. சரி என்று சர்வீஸ் புரொவைடரின் பூட் மெத்தடில் மார்ஃப்மேப் (சுருக்கப் பெயரையும் கிளாஸையும் இணைக்கும் பட்டியல்) எழுதி, போஸ்ட் மாடலுக்கு 'போஸ்ட்' என்று சுருக்கப் பெயர் வைத்தேன். இப்போது போஸ்ட் பக்கத்தில் புதுக் கமென்ட் மட்டும் வருகிறது. பழையது ஒன்றுகூட இல்லை, எர்ரரும் இல்லை. பட்டியல் பக்கத்தில் அதே பழைய எர்ரர்.

பதில் 1:
நகர்த்தாமலே விட்டிருக்கலாம், 8 அதைக் கட்டாயப்படுத்தவில்லை. போகட்டும்.

கமென்ட்டிலிருந்து போஸ்ட்டைத் தேடும்போது, டேபிளில் உள்ள பெயர் மேப்பில் இருக்கிறதா என்று பார்க்கும். இல்லாவிட்டால் அதையே கிளாஸ் பெயராக எடுத்துக்கொள்ளும். அதனால்தான் அங்கே எர்ரர். போஸ்ட்டிலிருந்து கமென்ட்டைத் தேடும்போதோ, டைப் 'போஸ்ட்' என்று இருக்கும் வரிசைகளை மட்டுமே கேட்கும். பழைய வரிசைகள் அதில் சிக்காது, சத்தமில்லாமல் காலியாக வரும். மேப் பழைய டேட்டாவைத் தொடாது. நீங்கள்தான் அப்டேட் செய்ய வேண்டும்.

கேட்டவர்:
பழைய பெயரை 'போஸ்ட்' என்று மாற்ற மைஎஸ்க்யூஎல்லில் அப்டேட் ஓட்டினேன். 0 வரிசை மாறியது என்கிறது! பெயரை டேபிளிலிருந்தே காப்பி செய்து போட்டேன்.

பதில் 2:
பேக்ஸ்லாஷ் வேலை. மேற்கோளுக்குள் ஒற்றை பேக்ஸ்லாஷ் போட்டால் மைஎஸ்க்யூஎல் அதை விழுங்கிவிட்டு 'ஆப்போஸ்ட்' என்று தேடும். 'ஆப்\\போஸ்ட்' என்று இரண்டாகப் போடுங்கள். பேக்கப் எடுத்துவிட்டு.

இன்னொன்று: யூசர் மாடலையும் மேப்பில் சேர்த்தீர்களா? அப்படியானால் நோட்டிஃபிகேஷன்ஸ் டேபிளில் நோட்டிஃபயபிள்_டைப்பையும் பாருங்கள். யூசரை மேப்பில் சேர்த்தபோது நான் ஒருமுறை மற்ற டேபிள்களை மறந்து, மறுநாள் காலையில் அட்மின்களுக்கே அனுமதி இல்லை என்று வந்து நின்றது. யாருக்கு என்ன பொறுப்பு என்று வைத்திருக்கும் ரோல் டேபிளிலும் யூசரின் முழுப் பெயர்தான் இருந்தது.

பதில் 1:
ஆமாம். முடிந்தால் மார்ஃப்மேப்புக்குப் பதில் என்ஃபோர்ஸ்மார்ஃப்மேப் போடுங்கள், பிந்தைய 8 பதிப்புகளில் உண்டு. மேப்பில் விட்டுப்போன மாடல் எதுவானாலும் உடனே எக்ஸெப்ஷன் எறியும். ஆனால் மேப்பில் உள்ள மாடலின் பழைய வரிசைகளை அது காட்டிக்கொடுக்காது, அவற்றை நீங்கள்தான் அப்டேட் செய்ய வேண்டும்.

கேட்டவர்:
இரண்டு பேக்ஸ்லாஷ் போட்டதும் எல்லாக் கமென்ட்டும் வந்துவிட்டது, நன்றி. யூசரையும் மேப்பில் போட்டிருக்கிறேன்... நோட்டிஃபிகேஷன் மணியில் நேற்றிலிருந்து பூஜ்யம்தான் காட்டுகிறது. இப்போதுதான் உறைக்கிறது.