ராபர்ட் பூர்: தென்னாப்பிரிக்காவுக்கு எப்படி ஆடினார்? 91.23 சராசரியை நம்பலாமா?

கேள்வி (மட்டையாளன்):
விக்டோரியா காலத்து ராணுவ அதிகாரி ராபர்ட் மான்டகு பூர் (1866–1938) பற்றித் தமிழ் விக்கிப்பீடியாவுக்கு ஒரு கட்டுரை தயாராகிறது. மூன்று இடங்களில் முட்டுகிறது. டப்ளினில் பிறந்த பிரிட்டிஷ் அதிகாரி, இங்கிலாந்துக்கு எதிராகவே தென்னாப்பிரிக்காவுக்கு டெஸ்ட் ஆடியது எப்படி? 1899இல் அவர் எடுத்த 91.23 சராசரி, ஒரே இன்னிங்ஸில் எடுத்த 304 ரன்னால் ஊதிப் பெருத்ததா? ஒரு குறிப்பில் ‘வில்ட்ஷயர் 3வது பட்டாலியன்’ என்றும் இன்னொன்றில் ‘7வது ஹுசார்ஸ்’ (குதிரைப்படைப் பிரிவு) என்றும் இருக்கிறதே, எது சரி?

பழைய ஸ்கோர்கார்டு:
முதல் கேள்விக்குப் பதில் எளிது. தகுதி விதி என்று அப்போது எதுவும் இல்லை. நாடுகளைச் சேர்த்து விதி வகுத்த இம்பீரியல் கிரிக்கெட் கான்ஃபரன்ஸே 1909இல்தான் வந்தது. பூரின் படைப்பிரிவு இந்தியாவிலிருந்து தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு மாறியிருந்தது. ஆள் அங்கே இருந்தார், சேர்த்துக்கொண்டார்கள். ‘டெஸ்ட்’ என்ற தகுதியும் அந்த ஆட்டங்களுக்குப் பின்னால்தான் வந்து ஒட்டிக்கொண்டது.

இங்கிலாந்திலிருந்து பயணம் வந்த ஹாக் பிரபு அணிக்கு எதிராக 3 டெஸ்ட், 76 ரன், சராசரி 12.66, அதிகபட்சம் 20. பார்க்கப் பரிதாபமாகத்தான் இருக்கும். ஆனால் எதிரே பந்து வீசியவர் ஜார்ஜ் லோமன். போர்ட் எலிசபெத்தில் தென்னாப்பிரிக்கா 93க்கும் 30க்கும் சுருண்டது, லோமன் 45 ரன்னுக்கு 15 விக்கெட். அந்த 30இல் அதிகபட்சமே பூரின் 10தான்.

ஒரு எச்சரிக்கை: அதே பயணத்தில் நேட்டால் அணிக்காக அவர் அடித்த சதங்களை முதல்தரக் கணக்கில் (டெஸ்ட், கவுன்டி போன்ற உயர்மட்ட ஆட்டங்களின் கணக்கு) சேர்த்துவிடாதீர்கள். உள்ளூர் அணியில் 15 பேர், எதிரணியில் 11 பேர். அப்படிப்பட்ட ஆட்டங்கள் அந்தக் கணக்கில் வராது.

கணக்கப்பிள்ளை:
சராசரியைப் பிரித்துப் பார்ப்போம். 21 இன்னிங்ஸ், 4 நாட் அவுட், 1551 ரன். 17ஆல் வகுத்தால் 91.23. ஹாம்ப்ஷயர் கவுன்டி அணிக்கு மட்டும் 1399 ரன், சராசரி 116.58.

சந்தேகப்பட வேண்டியது 304ஐ மட்டுமல்ல, எதிரே ஆடிய சாமர்செட் கவுன்டி அணியையே. ஜூனில் போர்ட்ஸ்மவுத்தில் அவர்களுக்கு எதிராக 104, ஆட்டமிழக்காமல் 119. ஜூலையில் டான்டனில் 304. மொத்தம் 527, இரண்டே முறை அவுட். இந்த மூன்றையும் தூக்கிவிட்டால் மிச்சம் 1024 ரன், 15 முறை அவுட், சராசரி 68.27. அந்தக் கால ஆடுகளத்துக்கு இதுவும் பெரிய எண்தான். ஆகவே இந்தச் சராசரி வெறுமனே ஊதிப் பெருத்த பூசணிக்காய் இல்லை, ஆனால் சாமர்செட் நன்றாக உரம் போட்டிருக்கிறது.

இக்காலத்தோடு ஒப்பிடும்போது இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள். 1899 வரை இங்கிலாந்தில் ஓவருக்கு 5 பந்து. எல்லைக்கோட்டைத் தாண்டினால் மட்டும் 6 கிடையாது. 1910 வரை பந்து மைதானத்துக்கே வெளியே போக வேண்டும். அதனால் ஓவர் எண்ணிக்கையையும் சிக்ஸர் எண்ணிக்கையையும் அப்படியே ஒப்பிடக் கூடாது.

டான்டனில் மறுமுனையில் நின்றவரும் ராணுவக்காரர்தான்: சகாரன்பூரில் பிறந்த கேப்டன் வின்யார்ட், 225 ரன். ஆறாவது விக்கெட்டுக்கு 411 ரன். அது இன்றும் ஹாம்ப்ஷயர் சாதனை. 304ஐ 1937இல் டிக் மூர் 316 அடித்து முறியடித்தார்.

1899 அக்டோபரில், தென்னாப்பிரிக்காவில் பிரிட்டனுக்கும் போயர்களுக்கும் (டச்சு வழிவந்த குடியேறிகள்) இடையிலான போயர் போர் தொடங்கியது. உச்சத்தில் இருந்த ஆளுக்கு அடுத்த இரண்டு சீசனும் போயின. 55 முதல்தர ஆட்டங்களோடு அவர் நின்றதற்கு ராணுவத்தில் விடுப்பு கிடைக்காததுதான் காரணம், ஆட்டத்தில் குறை இல்லை.

ஆவணக்காப்பு:
மூன்றாவது கேள்வி. இரண்டுமே சரி. 1881 சீர்திருத்தத்துக்குப் பிறகு கவுன்டி மிலிஷியாக்கள் (பகுதிநேர உள்ளூர்ப் படைகள்) அந்தந்த ரெஜிமென்ட்டின் 3வது பட்டாலியன் ஆகிவிட்டன. எனவே ‘3வது வில்ட்ஷயர்’ என்றால் மிலிஷியா, முழுநேரப் படை அல்ல. பதவியைக் காசு கொடுத்து வாங்கும் முறை 1871இல் ஒழிந்த பின், சாண்ட்ஹர்ஸ்ட் ராணுவக் கல்லூரிக்குப் போகாமல் மிலிஷியா வழியாகத் தேர்வெழுதி முழுநேரப் படைக்குள் நுழைந்தவர்கள் ஏராளம். பூர் 1886இல் ஹுசார்ஸுக்கு அப்படித்தான் வந்தார்.

ஆதாரம் தேட இந்த வரிசையில் போங்கள்: முதலில் லண்டன் கெசட் (பிரிட்டிஷ் அரசிதழ்), அதில் நியமனத் தேதி, பதவி உயர்வுத் தேதி கிடைக்கும். பிறகு அந்த ஆண்டுகளின் ஆர்மி லிஸ்ட் (ராணுவ அதிகாரிகள் பட்டியல்). அதற்கப்புறம் லண்டனின் கியூ பகுதியில் உள்ள தேசிய ஆவணக்காப்பகத்தில் டபிள்யூ.ஓ. (போர் அலுவலகம்) 25, டபிள்யூ.ஓ. 76 தொடர்கள்; பதக்கங்களுக்கு டபிள்யூ.ஓ. 100.

பலர் சறுக்குவது இங்கே: இந்தியாவில் இருந்தார் என்றதும் பிரிட்டிஷ் லைப்ரரியின் இந்தியா ஆபீஸ் ஆவணங்களில் தேடுவார்கள். அங்கே இருப்பது இந்திய ராணுவ அதிகாரிகளின் சேவைக் குறிப்புகள். ஹுசார்ஸ் பிரிட்டிஷ் ராணுவம், இந்தியாவில் முகாமிட்டிருந்தது, அவ்வளவே. இன்னொன்று, பூர் மெட்ராஸ் கவர்னர் வென்லாக் பிரபுவிடம் ஏ.டி.சி.யாக (நேரடி உதவி அதிகாரியாக) இருந்தார். அப்படிப்பட்ட காலத்தில் பெயர் ரெஜிமென்ட் பட்டியலிலேயே இருக்கும், ஆள் வேறு ஊரில் இருப்பார். படை முகாமிட்ட ஊரை வைத்து அவர் இருந்த இடத்தை ஊகிக்காதீர்கள்.

பழைய ஸ்கோர்கார்டு:
பதவிப் பெயரிலும் கவனம். ‘பிரிகேடியர் ஜெனரல் பூர் 304 அடித்தார்’ என்று எழுதினால் தப்பு, அது பின்னாளில் வந்த பதவி. 1899இல் அவர் மேஜர். போயர் போரில் ப்ரோவோஸ்ட் மார்ஷல், அதாவது ராணுவப் போலீஸுக்குத் தலைவர். போயர் போரில் கைதிகளைக் கொன்றதற்காக மரண தண்டனை பெற்ற அதிகாரி பிரேக்கர் மொரான்ட்டின் வழக்கை ஆராய்பவர்கள் அவர் நாட்குறிப்பைத் தேடுவது அதனால்தான். கட்டுரையில் அதற்குத் தனிப் பத்தி ஒதுக்குங்கள், கிரிக்கெட் பத்திக்குள் திணிக்க வேண்டாம்.