ஆம்னி வேன்: பிரேக்கை மிதித்தபடி நின்றால் பெடல் தானாக இறங்குகிறது

மிளகுமூட்டை:
2006 ஆம்னி. முன்னால் டிஸ்க், பின்னால் டிரம். கொல்லிமலையிலிருந்து நாமக்கல்லுக்கு வாரம் இரண்டு நடை மிளகும் வாழைத்தாரும் ஏற்றுகிறேன். ஒரு மாதமாக, சிக்னலில் பிரேக்கை அழுத்திக்கொண்டு நின்றால் பெடல் மெல்ல இறங்குகிறது. இரண்டு பம்ப் அடித்தால் மேலே வந்து கல் மாதிரி நிற்கும். டப்பாவில் ஆயில் குறைகிறது, ஆனால் வண்டி நின்ற இடத்தில் ஒரு சொட்டு இல்லை. பட்டறையில் பின் வீல் சிலிண்டர் இரண்டையும் புதிதாகப் போட்டு ஏர் எடுத்தார்கள் (பைப்பில் மாட்டிய காற்றை வெளியேற்றினார்கள்). அப்படியும் அதே கதைதான், இன்னும் கொஞ்சம் மோசம். 70 கொண்டை ஊசி வளைவு இறங்க வேண்டும், வயிற்றைக் கலக்குகிறது.

பத்தாம்நம்பர்:
அண்ணே, சரியாகும்வரை மலைக்கு எடுக்காதீர்கள். மலை இறங்கிய சூட்டில் மட்டும் பெடல் மெத்தென்று ஆகி, ஆறினதும் சரியாகிறதா? அப்படியானால் ஆயில் கொதிக்கிறது. பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தைக் குடிக்கும். டாட் 3 என்ற ரக ஆயில் புதிதாக இருந்தால் 205 டிகிரி வரை தாங்கவேண்டும். ஈரம் ஏறினால் 140 டிகிரிக்கே கொதிக்கலாம்.
ஆறின வண்டியிலும் இறங்கினால் கதை வேறு. இன்ஜினை அணைத்து ஐந்தாறு பம்ப் அடித்து, மிதிக்கிற பலத்தைக் கூட்டித் தரும் பூஸ்டரின் வேக்யூமைக் காலி பண்ணுங்கள். பிறகு ஒரே அழுத்தமாக ஒரு நிமிடம் மிதியுங்கள். அப்புறம், பெடலை மிதித்தால் ஆயிலை வீல்களுக்குத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டர் பூஸ்டரோடு சேரும் இடத்துக்கு அடியில் விரலால் தடவிப் பாருங்கள்.

மிளகுமூட்டை:
காலையில் வண்டி எடுக்குமுன் பார்த்தேன், இறங்குகிறது. நீங்கள் சொன்ன இடத்தில் பிசுபிசுப்பு. பூஸ்டர் அடியில் பெயின்ட் கொப்புளம் போட்டிருக்கிறது, நகம் பட்டாலே தோலாக உரிகிறது.

பத்தாம்நம்பர்:
அதுதான். மாஸ்டரின் பின்பக்க ரப்பர் வாஷர் விட்டுப்போய், ஆயில் பூஸ்டருக்குள் போகிறது. தரையில் எப்படிச் சொட்டும்? நிறையப் போனால் இன்ஜின் அதை இழுத்து வெள்ளைப் புகை தள்ளும்.

பழையடிரைவர்:
முழு மாஸ்டர் எதற்கு? வாஷர் கிட் போடுங்கள். என் வண்டியில் இரண்டு வருடம் ஓடியது.

பத்தாம்நம்பர்:
உங்கள் சிலிண்டரின் உள்சுவர் நன்றாக இருந்திருக்கும் சார். கழற்றி உள்ளே நகத்தை ஓட்டிப் பாருங்கள். எங்காவது மாட்டினால் புது வாஷரும் சீக்கிரமே கிழியும். லோடோடு மலை இறங்குகிற வண்டிக்கு நான் கிட் போடமாட்டேன்.
இன்னொன்று. பழைய மாஸ்டரை வைத்து ஏர் எடுக்கும்போது பெடலைத் தரைவரை மிதிக்கவே கூடாது. தினசரி ஓட்டத்தில் பிஸ்டன் போகாத ஆழத்தில் துரு இருக்கும், வாஷர் அதில் உரசிக் கிழிந்துவிடும். பட்டறையிலிருந்து வந்ததும் மோசமானது அதனால்தானோ என்னவோ. பெடலுக்கு அடியில் ஒரு மரக்கட்டை வைத்தால் போதும்.
புது மாஸ்டரை வைஸில் பிடித்து ஏர் எடுத்த பிறகு வண்டியில் மாட்டுங்கள். அதன்பின் தூரத்து வீலிலிருந்து தொடங்குங்கள்: பின் இடது, பின் வலது, முன் இடது, முன் வலது. பைப் நட்டுக்கு, அதைச் சுற்றிப் பிடிக்கிற லைன் ஸ்பேனர்தான், சாதா ஸ்பேனர் முனையை மழுக்கிவிடும். பெட்ரோல், டீசல் எதுவும் ரப்பர் பக்கம் போகக் கூடாது. உப்பிப்போகும்.

மிளகுமூட்டை:
முடிந்தது. உள்ளே இரண்டு இடத்தில் நகம் மாட்டியது, முழு மாஸ்டரே போட்டேன். பூஸ்டருக்குள்ளிருந்து சிரிஞ்சில் உறிஞ்சினது அரை டீ கிளாஸ். ஏர் எடுக்கும்போது முன் இடது வீலில் காற்று வெளியேறும் நிப்பிள் பட்டென்று முறிந்தது, அதிலேயே ஒரு நாள் போச்சு. இப்போது ஒரு நிமிடம் மிதித்து நின்றாலும் அசையவில்லை. முன் வீலுக்கு ஆயில் போகும் ரப்பர் ஹோஸ் பழசு, அதையும் மாற்றவா?

பத்தாம்நம்பர்:
வளைத்துப் பாருங்கள். வெடிப்பு தெரிந்தாலோ, ஒருவர் பிரேக் மிதிக்கும்போது ஹோஸ் உப்பினாலோ மாற்றுங்கள். இரண்டு பக்கமும் சேர்த்தே.