2022 போராட்டப் படங்கள் உள்ள மெமரி கார்டு திறக்கவில்லை, உதவி தேவை

கொழும்பு காலி முகத்திடலில் அரசுக்கு எதிரான போராட்டம் தொடங்கிய 2022 ஏப்ரல் 9 முதல், இராணுவம் இரவோடு இரவாகக் கூடாரங்களைப் பிரித்த ஜூலை 22 வரை நான் எடுத்த படங்கள் எல்லாம் ஒரே கார்டில்தான் இருக்கின்றன, வேறு பிரதி இல்லை. ஜூலை 9 அன்று செருப்பைக் கையில் பிடித்தபடி ஜனாதிபதி மாளிகைப் படியேறிய ஒரு அம்மாவின் படமும் அதில்தான்.

கேமரா நிக்கான் டி5600. 64 ஜிபி எஸ்டி கார்டு, ஏறக்குறைய 1,800 நெஃப் (நிக்கானின் ரா படவடிவம்) கோப்புகள். போன கிழமை வெள்ளவத்தையில் வீட்டுக் கணினியில் போட்டதும் ஃபார்மட் செய்யவா என்று கேட்டது, வேண்டாம் என்று கொடுத்தேன், அதன்பிறகு அதில் எதையும் பதியவில்லை. வேறு ரீடர், வேறு கணினி பாவித்தும் சரிவரவில்லை. அழிந்த கோப்புகளை மீட்கும் ஃபோட்டோரெக் மென்பொருளை ஓட்டியதில் 300 படங்கள் வந்தன, ஆனால் பாதிக்கும் மேற்பட்ட படங்களில் கீழ்ப்பகுதி முழுக்கச் சாம்பல். நெஃப்புக்குள் இருக்கும் ஜேபெக் முன்னோட்டத்தைத் தனியாக எடுத்துப் பார்த்தேன், அதுவும் அப்படித்தான். அப்புறம் இரண்டு நாளாகக் கார்டைக் கணினி அடையாளமே காணவில்லை, கழற்றித் தொட்டால் சுடுகிறது. ஒரு கடையில் தூக்கி எறியச் சொன்னார்கள், மனம் வரவில்லை.

கார்டின் சிப்பிலிருந்தே நேரடியாகத் தரவை எடுக்கத் தெரிந்தவர் கொழும்பில் யார் இருக்கிறார்?