ஹீலியம்-3இன் ஃபெர்மி ஆற்றல்: கணக்குப் போட்டுத் தவறியவர்கள் சொல்லுங்கள்

சாட்ஸ்வொர்த்திலிருந்து:

அக்கா மகன் மூன்றாம் வருஷம் இயற்பியல். மறுநாள் தேர்வு, ஏழு மணிக்கு லோட் ஷெட்டிங், வராந்தாவில் போன் டார்ச்சைச் சுவரில் சாய்த்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். கணக்கு உங்களுக்குத் தெரிந்ததுதான், திரவ ஹீலியம்-3, அடர்த்தி கன மீட்டருக்கு 81 கிலோ, தனிச்சுழி வெப்பநிலைக்குப் (0 கெல்வின்) பக்கத்தில் ஃபெர்மி ஆற்றல், அதாவது துகள்கள் கீழிருந்து நிலைகளை நிரப்பிக்கொண்டு வரும்போது கடைசியாக நிரம்பும் நிலையின் ஆற்றல், எவ்வளவு. கடகடவென்று போட்டேன், 2.3 எலக்ட்ரான் வோல்ட் வந்தது. புத்தகத்தில் எதிர்ப்பக்க அட்டவணையில் சோடியத்துக்கு 3.2, பொட்டாசியத்துக்கு 2.1 என்று இருந்ததால் சரியாகத்தான் பட்டது.

அவன் அதைக் கெல்வினுக்கு மாற்றி, அதாவது ஃபெர்மி வெப்பநிலையாக்கிவிட்டு, நிமிர்ந்தான். "மாமா, 3 கெல்வின் சுமாருக்கே கொதித்துவிடுகிற திரவம் இது, இதற்கு 27,000 கெல்வினா?"

நான் சொன்ன பதில்தான் இன்றைக்கும் உறுத்துகிறது. "ஃபெர்மி வெப்பநிலை என்பது பொருளின் சூடு இல்லடா, செம்புக்கு 80,000 வரும், உன் வீட்டு வயர் என்ன உருகியா போகிறது?" என்றேன். சொன்னது உண்மை, அதனால்தான் அவன் அடங்கிவிட்டான். ஆனால் நான் போட்டிருந்தது எலக்ட்ரானின் நிறை. இங்கே ஃபெர்மியான், அதாவது நிலைகளை நிரப்புகிற துகள், முழு ஹீலியம் அணு, அதன் நிறை எலக்ட்ரானைப் போல 5,500 மடங்கு, விடை ஏறக்குறைய 4.9 கெல்வின்தான். பையன் சரியாகக் கேட்ட கேள்வியை ஒரு சரியான விளக்கத்தை வைத்தே மூடிவிட்டேன். மறுநாள் தாளிலும் அவன் 27,000 என்றே எழுதிவிட்டு வந்தான்.

டர்பன் பீனிக்ஸிலிருந்து:

அண்ணா, எனக்கு 7.8 கெல்வின் வந்தது. ஒரு நிலையில் இரண்டு அணு உட்காரலாம், ஒன்று மேல் ஸ்பின், ஒன்று கீழ் ஸ்பின், அந்த இரண்டை விட்டுவிட்டேன். வகுப்பில் கரும்பலகையில் போட்டுவிட்டுத் திரும்பினால் ஒருவரும் எதுவும் சொல்லவில்லை, எல்லோரும் காப்பி பண்ணிக்கொண்டிருந்தார்கள், அந்தப் பேனாச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. அவ்வளவுதான் என் கதை.

ஆனால் ஒன்று சொல்லணும். கணக்கைத் தொடுவதற்கு முன்னால் ஓடுகிற துகள் எது என்று தாளின் மேலே எழுதிவிடுங்கள். ஹீலியம்-3இல் இரண்டு புரோட்டான், ஒரு நியூட்ரான், இரண்டு எலக்ட்ரான், மொத்தம் ஐந்து, ஒற்றைப்படை, ஆகவே அணுவே ஃபெர்மியான். ஹீலியம்-4இல் ஆறு, அது போசான், ஒரே நிலையில் எத்தனை வேண்டுமானாலும் சேரும், அதற்கு இந்தக் கணக்கே கிடையாது. அப்புறம் 81 கிலோவை ஓர் அணுவின் நிறையால் வகுத்தால் கன மீட்டருக்கு 1.6 பெருக்கல் 10இன் 28ஆம் அடுக்கு அணுக்கள் வரணும், வராவிட்டால் அங்கேயே நின்றுவிடுங்கள். பிளாங்க் மாறிலி எச் எது, அதை 2 பையால் வகுத்த எச்-பார் எது என்று பாருங்கள், அதை மாற்றிப் போட்டால் விடை 39 மடங்கு ஊதிவிடும். பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும்போது விடையைக் கெல்வினிலேயே போடச் சொல்லுங்கள், எலக்ட்ரான் வோல்ட்டில் போட்டால் தப்பு கண்ணில் படாது. உங்கள் அக்கா மகனுக்குப் பட்டது கெல்வினில் மாற்றியதால்தான்.

பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலிருந்து:

தம்பி, 4.9 என்பதையும் அப்படி அடித்துச் சொல்லாதீர்கள். அது அணுக்கள் ஒன்றையொன்று தொடாத வாயுவுக்கான விடை. திரவத்தில் ஒவ்வோர் அணுவும் நகரும்போது சுற்றியிருப்பவற்றைத் தள்ளிக்கொண்டுதானே போகும்.

இதை நான் கற்றது வாய்மொழித் தேர்வில். டர்பன் துறைமுகத்தில் சாலிஸ்பரி தீவிலிருந்த இந்தியர் கல்லூரி வெஸ்ட்வில் வளாகத்துக்கு மாறிய அதே 1972இல்தான் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் லீ, ஓஷராஃப், ரிச்சர்ட்சன் மூவரும் ஹீலியம்-3 மீப்பாய்மமாவதை, அதாவது உராய்வில்லாமல் ஓடுவதை, கண்டார்கள், சில வருஷம் கழித்து வேறோர் ஊரில் அதையே ஆய்வாக எடுத்துக்கொண்டு போய் நின்றேன். 5 கெல்வின் என்றேன். தேர்வாளர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு, "அப்படியானால் அளந்த வெப்ப ஏற்புத்திறன் உங்கள் கணக்கைவிட ஏன் கிட்டத்தட்ட மூன்று மடங்கு?" என்று கேட்டார். அந்தக் கண்ணாடியைத்தான் பார்த்துக்கொண்டே இருந்தேன். சோவியத் இயற்பியலாளர் லாண்டாவ் 1956இலேயே பதில் சொல்லியிருந்தார், நானும் படித்திருந்தேன், வாய் வரவில்லை. பயனுறு நிறை, அதாவது சுற்றியிருப்பவற்றையும் தள்ளிக்கொண்டு போவதால் அணுவுக்கு இருப்பதுபோல் தோன்றும் நிறை, சாதாரண நிறையைப் போல 2.8 மடங்கு, அதைப் போட்டால் 4.9 இறங்கி 1.8 கெல்வின் சுமாருக்கு வந்துவிடும்.

பீனிக்ஸிலிருந்து, மறுபடியும்:

ஐயா, மன்னிக்கணும், கேள்வித்தாளில் கேட்டது இலட்சிய வாயுவாக எடுத்துக்கொண்டுதான். அந்தப் பையன் 1.8 என்று எழுதியிருந்தால் அதற்கும் மதிப்பெண் போயிருக்கும். மீப்பாய்மம் வருவது 1 மில்லிகெல்வின் பக்கத்தில், 4.9 ஆனாலும் 1.8 ஆனாலும் அதைப் போல ஆயிரம் மடங்குக்கு மேல், அளவு புரிந்தால் போதாதா?

பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலிருந்து:

போதாது. அளவு மட்டும் போதுமென்றால் ஆய்வுக்கூடத்தில் யாரும் வெப்ப ஏற்புத்திறனை அளந்திருக்க மாட்டார்கள்.

சாட்ஸ்வொர்த்திலிருந்து:

இரண்டு பேருக்கும் நன்றி. நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு நேற்றிரவு அவனைக் கூப்பிட்டேன். தாள் திரும்பி வந்த அன்றைக்கே திருத்தி எழுதிவிட்டானாம், என்னிடம் சொல்லவில்லை. "நீங்கள் வருத்தப்படுவீர்கள் என்று விட்டுவிட்டேன் மாமா" என்றான். ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டுக்குப் போகிறேன், அந்தத் தாளை எடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறேன், இந்த 2.8ஐயும் அவனோடு உட்கார்ந்து போட்டுப் பார்க்கணும்.