முதல் வாடகை வீடு: சென்னை ஃபிளாட்டா, திருப்பூர் லைன் வீடா?

புதுவரவு:
கையில் 20 லட்சம் இருக்கிறது, 55 லட்சம் வரை கடன் கிடைக்கும். மேடவாக்கம் பக்கம் பழைய இரண்டு பெட்ரூம் ஃபிளாட் 65 லட்சம், வாடகை 20,000. திருப்பூரில் லைன் வீடு, அதாவது ஒரே மனையில் வரிசையாகச் சிறு வீடுகள், கட்டி வாடகைக்கு விட்டால் இதைவிட அதிகம் வரும் என்கிறார்கள். எதில் இறங்கலாம்?

நொய்யல்கரை:
ஃபிளாட் வேண்டாங்க. மறுவிற்பனைக்கு முத்திரைத்தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 சதவீதம். 65 லட்சத்துக்கு 5.85 லட்சம். மொத்தம் 70.85 ஆச்சு. வருஷத்தில் ஒரு மாதம் காலி என்று வைத்தால் வாடகை 2.20 லட்சம். சொத்து வரி, பெயின்ட், பிளம்பிங், காலி மாதத்து மெயின்டனன்ஸ் எல்லாம் சேர்த்து 25,000 கழியுங்க. மிச்சம் 1.95, அதாவது 2.75 சதவீதம். 52 லட்சம் கடனுக்கு 8.5 சதவீத வட்டியில் 20 வருஷத் தவணை மாதம் சுமார் 45,100. வாடகை போக 25,000 உங்க சம்பளத்திலிருந்துதான் போகும்.

லைன் வீட்டுக்கு வாங்க. நாலு சென்ட், சென்ட் 8 லட்சம் என்று வைப்போம்: 32 லட்சம், பதிவு 2.88. தலா 300 சதுர அடியில் ஐந்து வீடு, சதுர அடிக்கு 2,000 என்றால் 30 லட்சம். போர், செப்டிக் டேங்க், கரண்ட் இணைப்புக்கு 4. கூட்டினால் 68.88. வீட்டுக்கு 6,000 வாடகை, வருஷம் 3.60 லட்சம். அதில் ஐந்தில் ஒரு பங்கை செலவுக்கும் காலிக்கும் விட்டாலும் 4.2 சதவீதம் நிற்குதுங்க.

வேளச்சேரி வாசி:
இந்த 4.2-இல் கட்டுமானக் காலமே இல்லையே சார். எட்டு, பத்து மாதம் வாடகை பூஜ்யம், எடுத்த கடனுக்கு வட்டி மட்டும் ஓடும். ஃபிளாட்டில் பத்திரம் முடிந்த அடுத்த மாதமே ஆள் வைக்கலாம்.

இன்னொன்று, ஐந்து வீட்டிலும் இருப்பது ஒரே தொழிலை நம்பிய குடும்பங்கள். 2025 ஆகஸ்ட்டில் அமெரிக்கா இந்தியப் பொருட்கள் மீதான இறக்குமதி வரியை 50 சதவீதமாக்கியபோது பனியன் ஆர்டர் என்ன ஆனது என்று ஊருக்கே தெரியும். ஷிஃப்ட் குறைந்தால் ஒரு வீடு அல்ல, மூன்று வீடு ஒன்றாகக் காலியாகும்.

கழிவுநீரையும் யாரும் சொல்வதில்லை. செப்டிக் டேங்க் தண்ணீர் மண்ணில் இறங்கும் உறிஞ்சுகுழிக்கும் குடிநீர் எடுக்கும் போருக்கும் 18 மீட்டர் இடைவெளி வேண்டும், கிட்டத்தட்ட 60 அடி. நாலு சென்ட் என்பது 1,742 சதுர அடி, 30-க்கு 58 மனை. அதில் கட்டடமும் போக அந்த இடைவெளி எங்கே கிடைக்கும்? இருபது பேர் புழங்கும் வீட்டில் அந்தத் தண்ணீரை யாரும் குடிக்கக் கூடாது.

நொய்யல்கரை:
தண்ணீர் விஷயம் சரிங்க. அதனால்தான் பாதாளச் சாக்கடையும் குடிநீர்க் குழாயும் வந்த தெருவில் மட்டும் மனை பார்க்கச் சொல்வது. சென்ட்டுக்கு ஒரு லட்சம் கூடினாலும் அங்கேதான் வாங்கணும்.

கரண்ட்டில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். ஒரே மீட்டரில் ஐந்து வீட்டையும் ஓட்டி யூனிட்டுக்கு இவ்வளவு என்று வசூலித்தால் தினமும் சண்டை. தனி மீட்டர் இருந்தால் ஒவ்வொரு குடும்பத்துக்கும் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். ஒரே மீட்டரில் 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டண அடுக்கே மாறிவிடும். கட்டும்போதே ஐந்து மீட்டருக்கும் போர்டு, தனி வயரிங் விட்டுடுங்க. பிறகு சுவரை உடைத்தால் செலவு இரட்டிப்பு.

பத்திரப் பார்வை:
இருவரும் கடனைப் பற்றிப் பாதிதான் சொன்னீர்கள். கடன் 30 லட்சத்துக்கு மேல் 75 வரை என்றால் சொத்து மதிப்பில் 80 சதவீதம்தான் உச்சவரம்பு. முத்திரைத்தீர்வையும் பதிவுச் செலவும் அந்த மதிப்பில் சேராது. எனவே ஃபிளாட்டுக்கு சொந்தப் பணம் 13 லட்சமும் 5.85 லட்சமும். கையிருப்பு கிட்டத்தட்ட முழுவதும் அதோடு தீர்ந்தது. ஆறு மாதத் தவணை கையில் இல்லாமல் இதில் இறங்காதீர்கள்.

லைன் வீட்டில் முக்கியமான சிக்கல் வரைபடம். ஒரே வீடு என்று அனுமதி வாங்கி ஐந்து கதவு வைத்துக் கட்டுகிறார்கள். வங்கி மதிப்பீட்டாளர் வந்து பார்த்ததும் வங்கி அடுத்து விட வேண்டிய கடன் பணம் நின்றுவிடும், வேலை கதவு, ஜன்னலுக்கு மேலே வரும் லிண்டல் மட்டத்தில் நிற்கும். ஐந்து குடியிருப்பையும் காட்டித்தான் அனுமதி வாங்க வேண்டும்.

ஃபிளாட் என்றால் யூடிஎஸ், அதாவது மனையில் உங்களுக்கு வரும் பிரிக்கப்படாத பங்கு, எத்தனை சதுர அடி என்று முதலில் பாருங்கள். 1,000 சதுர அடி வீட்டுக்கு 300-தான் என்றால், கட்டடம் தேயத் தேய உங்கள் பங்கு அந்த மண் மட்டுமே. எதுவானாலும் தாய்ப் பத்திரம், 30 வருட வில்லங்கச் சான்று, பட்டா மூன்றும் ஒத்துப்போக வேண்டும். விலை 50 லட்சமோ அதற்கு மேலோ என்றால் விற்பவருக்குத் தரும் பணத்தில் 1 சதவீதம் வருமான வரியாக (டிடிஎஸ்) பிடிப்பது வாங்குபவர் பொறுப்பு.

வேளச்சேரி வாசி:
ஃபிளாட்டில் வரிச் சலுகை இருக்கிறதே.

பத்திரப் பார்வை:
பழைய வரி முறையில் மட்டும். வாடகையைவிடக் கடன் வட்டி கூடுவதால் வரும் வீட்டு நஷ்டத்தில் 2 லட்சம் வரை சம்பளத்தில் கழிக்கலாம். புதிய முறையில் வட்டியை வாடகை வருமானத்தில் கழிக்கலாம், மிச்ச நஷ்டம் சம்பளத்தைத் தொடாது. முதல் வருட வட்டி சுமார் 4.4 லட்சம், வாடகையோ 2.2. சலுகையை நம்பி வாங்குபவர் எந்த முறையில் இருக்கிறார் என்று முதலில் பார்க்கட்டும்.

ஒப்பந்தம் 11 மாதம் என்றால் பதிவு வேண்டாம் என்ற பேச்சும் இப்போது செல்லாது. 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு வாடகைச் சட்டப்படி எந்தக் காலத்துக்கானாலும் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை ஆணையத்தில் பதிய வேண்டும். லைன் வீட்டில் ஐந்துக்கும் ஐந்து ஒப்பந்தம்.

நொய்யல்கரை:
புதுவரவு, நான் மாறலைங்க, லைன் வீடுதான். ஆனால் ஐந்தையும் ஒரே மூச்சில் கட்டாதீங்க. கீழே மூன்று, அஸ்திவாரம் மேல்மாடிக்கும் சேர்த்து. கீழ்வீடு மூன்றும் நிரம்பிய பிறகு மேலே ரெண்டு.

வேளச்சேரி வாசி:
வெளியூரில் இருந்துகொண்டு மாதா மாதம் ஐந்து பேரிடம் வாடகை கேட்க ஆள் யார்? அங்கே நம்பிக்கையான ஒருவர் இல்லையென்றால் என் பதில் ஃபிளாட்தான். அதுவும் 65-க்கு வேண்டாம், 58-க்கு வந்தால் வாங்குங்கள்.