தலைமன்னார் துறை பார்க்கப் போறம்: வழி சொல்லுங்க

கேள்வி (செங்கலடி)
அம்மம்மா பக்கத்து ஆக்கள் இந்தியாவில இருந்து தோட்ட வேலைக்கு வந்து இறங்கினது தலைமன்னாரில. தோட்டத்து ஆக்களில ஒரு பகுதியை இந்தியாவுக்குத் திருப்பி அனுப்ப 1964இல செய்த சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு அதில பாதிப்பேர் அதே வழியால திரும்பிப் போனாங்க. பிள்ளைகளோட வானில போய்ப் பார்க்க நினைக்கிறம். ஒரே நாளில போய் வரலாமா? வந்தவங்கட பேர்ப் பதிவு அங்க இருக்குமா?

பதில் (கல்லடி)
ஒரே நாளில ஏலாது. பொலன்னறுவை, ஹபரணை, அனுராதபுரம், மதவாச்சி, மன்னார் எண்டு போனா 300 கி.மீ.க்கு மேல. வெள்ளாப்பில வெளிக்கிட்டு மன்னார் டவுனில தங்குங்க. மறுநாள் காலமதான் துறைக்கு. எண்ணெயும் தண்ணியும் டவுனிலயே எடுத்திருங்க.

கோச்சியில வாறதெண்டா மாகோவில மாறணும், சுத்து வழி. கடைசி ரெண்டு ஸ்டேஷனும் கிட்டத்தட்ட ஒரே பேர். 'தலைமன்னார்' எண்ட போர்டைப் பார்த்து இறங்கிராதீங்க, அதுக்கும் அங்கால 'தலைமன்னார் பியர்'தான் நீங்க தேடுற இடம்.

வெளிச்சவீட்டுக்குப் பக்கத்தில பழைய இறங்குதுறை இத்துப்போய்க் கிடக்கு. இரும்பு துருப்பிடிச்சு, பலகைக்கு இடையில கடல் தெரியும். பிள்ளைகள ஏற விடாதீங்க. கடற்படை நிக்கிற இடம், படம் எடுக்க முதல் கேளுங்க. மே முதல் செப்டம்பர் வரை கச்சான் காத்து மண்ணை வாரி அடிக்கும். பெப்ரவரி, மார்ச் நல்லம்.

பதில் (கல்முனை)
தங்கச்சி, முதல்ல எந்தக் காலத்தில வந்தாங்க எண்டு பாருங்க. அந்தத் துறை 1914இல திறந்தது. கோச்சி துறை வரை வரும், இந்தியக் கரையில இருக்கிற தனுஷ்கோடிக்குப் போற கப்பல் அங்கயே கட்டி நிக்கும், இடையில ஏறக்குறைய 35 கி.மீ. கடல். அதுக்கு முந்தி, கோப்பிக் காலத்து ஆக்கள் வள்ளத்தில வந்து மன்னார்க் கரையில இறங்கி, காட்டு வழியே மாத்தளை வரை நடந்தவங்க. வாந்திபேதியிலயும் பசியிலயும் வழியிலயே செத்தவங்க கனபேர். உங்கட ஆக்கள் அந்தக் காலத்தவங்க எண்டா துறையை மட்டும் பார்த்துத் திரும்பாதீங்க. மதவாச்சியில இருந்து தம்புள்ளை வழியா மாத்தளை முத்துமாரியம்மன் கோயிலுக்குப் போங்க. நடந்து வந்த ஆக்கள்ட பாதை அதுதான்.

திரும்பிப் போனவங்க ஏறினது இந்தத் துறையிலதான். ஆனா 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழிச்சதால, அதுக்குப் பிறகு கப்பல் ராமேஸ்வரத்துக்குத்தான் போனது, 1984 வரை.

செங்கலடி
1930 அளவில வந்தாங்களாம். அப்ப துறைதான். பதிவு?

பதில் (கல்முனை)
துறையில ஒரு தாளும் இல்ல. தோட்டத்திட பேரைப் பிடிங்க, அதில்லாம தேடல் நகராது. அம்மம்மாட பிறப்புப் பதிவை அந்தத் தோட்டம் இருக்கிற பிரதேச செயலகத்தில எடுங்க. தகப்பனைப் பற்றின விபரத்தில இந்திய ஊர் இருந்தாலும் இருக்கும். பழைய பெட்டியில தகரத்தில எழுத்தும் இலக்கமும் குத்தின வட்டத் துண்டு கிடந்தா எறிஞ்சிராதீங்க. அது தோட்டத்துக்கு வந்த ஆக்களுக்குக் குடுத்த அடையாளத் துண்டு; எழுத்து மாவட்டத்தையும் இலக்கம் தோட்டத்தையும் குறிக்கும். அதை வச்சுக்கொண்டு கொழும்பு 7, தேசிய சுவடிகள் கூடத்தில கேளுங்க.